திரும்பி வருவதற்கு என்ன அத்தாட்சி?

அத்தைக்கு அப்போது 66 வயது. மகளுக்குப் பேறுகாலம் பார்க்க ஒரு மேலைநாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தூதரக நேர்காணலுக்கு முந்தைய இரவு ஃபைலை அடுக்கிக் கொடுத்தவன் நான். வீட்டுப் பத்திரத்தின் நகல், மூன்று ஏக்கர் நஞ்சைக்குப் பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, கூட்டுறவு வங்கி டெபாசிட் ரசீதுகள், மாமாவின் ஓய்வூதியப் புத்தகம், ஆடிட்டர் கையெழுத்திட்ட சொத்து மதிப்புச் சான்று, மருமகனின் சம்பளச் சீட்டு, மகளின் கல்யாண ஆல்பத்திலிருந்து உருவிய நான்கு படங்கள். தூக்கினால் இரண்டு கிலோ இருக்கும்.

மறுநாள் பதினோரு மணிக்கு வெளியே வந்தார். "ஃபைலைத் திறக்கவே சொல்லலைப்பா. எங்க போறீங்க, அங்க யாரு இருக்கா, இங்க யாரு இருக்கான்னு கேட்டாங்க. ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிட்டாங்க" என்றார். சீட்டில் எல்லோருக்கும் பொதுவாக அச்சடித்த வரிகள் இருந்தன. அத்தையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை அவர் கேட்டது ஒரே கேள்வி: "நான் என்ன தப்பாச் சொன்னேன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தேடித்தான் சில ஆண்டுகளாகப் பல நாடுகளின் விசாச் சட்டங்களையும் அவற்றைப் பற்றிய தீர்ப்புகளையும் படித்து வருகிறேன். படித்த அளவில் ஒன்று தெளிவாகிறது. வருகையாளர் விசா கேட்பவரிடம் சட்டம் எதிர்பார்ப்பது சொத்துக் கணக்கையன்று. இன்னும் நடக்காத ஒரு காரியத்துக்கு, அதாவது அவர் திரும்பி வருவதற்கு, அத்தாட்சியை. அதைக் காகிதத்தில் கொடுக்க யாராலும் முடியாது. அதனால் தீர்ப்பு ஓர் அதிகாரியின் மனநிறைவில் போய் நிற்கிறது. அந்த மனநிறைவு ஏன் ஏற்படவில்லை என்று சொல்லக் கடமைப்பட்ட நாடுகளும் இருக்கின்றன, கடமைப்படாத நாடுகளும் இருக்கின்றன. விசா கிடைப்பதும் கிடைக்காததும் தனிமனிதர் கதை. காரணம் கிடைக்கிறதா என்பது சட்டத்தின் கதை.

அமெரிக்கச் சட்டம் இந்த விஷயத்தை ஒளிக்காமல் எழுதி வைத்திருப்பதால் அங்கிருந்து தொடங்கலாம். 1952-ஆம் ஆண்டின் குடியேற்ற, குடியுரிமைச் சட்டம், அதிபர் ட்ரூமன் தம் தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தி மறுத்தும், நாடாளுமன்றம் அதை மீறி நிறைவேற்றிய சட்டம். அதன் 214(பி) பிரிவின் சாரம் இதுதான்: தற்காலிகமாக வருகிறேன் என்று விண்ணப்பிக்கும் எவரையும், அவர் அதைத் தூதரக அதிகாரி நிறைவடையும்படி நிறுவும்வரை, குடியேற வருகிறவர் என்றே கொள்ள வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை முழுவதும் கேட்பவர் தலையில். வருகையாளர் யார் என்று சொல்லும் இன்னொரு பிரிவு, வெளிநாட்டில் தமக்கொரு வீடும் அதைக் கைவிடும் எண்ணமின்மையும் உடையவர் என்கிறது. வீட்டைப் பத்திரம் காட்டும். கைவிடும் எண்ணம் இல்லை என்பதை எது காட்டும்?

பத்திரத்தையும் பட்டாவையும் அதிகாரி பார்க்க மறுப்பது அலட்சியத்தால் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். முழுக்க அப்படியில்லை. நிலம் வைத்திருப்பவரும் போய்த் தங்கிவிடலாம், நிலமே இல்லாதவரும் ஒரு மாதத்தில் திரும்பலாம் என்பது அதிகாரிக்குத் தெரியும். போலிச் சான்றுகள் எவ்வளவு சுலபமாகக் கிடைக்கின்றன என்பதும் தெரியும். எனவே அவர் எடைபோடுவது பெரும்பாலும் இரண்டை: முன்கூட்டியே இணையத்தில் நிரப்பிய டிஎஸ்-160 படிவம், சன்னலுக்கு முன்னால் நிற்கும் சில நிமிடங்களில் வாயிலிருந்து வரும் பதில்கள். சென்னையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்தின் வாசலில் காலையில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு, அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் எத்தனை மாத ஏற்பாடு இருக்கிறது என்பது தெரியும். பெருந்தொற்றுக்குப் பிந்தைய 2022-இல் இந்தியாவின் சில நகரங்களில் முதல்முறை வருகையாளருக்கான நேர்காணல் தேதிக்கே இரண்டாண்டுக்கும் மேல் காத்திருக்க நேர்ந்தது. 2023 ஜூன் முதல் கட்டணம் 185 டாலர், பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். மறுத்தால் திரும்பாது. 2025 ஜூலையில் கையெழுத்தான ஒரு சட்டம், விசா வழங்கப்படும்போது இன்னும் 250 டாலர் வாங்க வழிசெய்திருக்கிறது. எண்பது வயதைத் தொட்டவர்களுக்கு நேர்காணலிலிருந்து இருந்த பொதுவான விலக்கும் 2025 செப்டம்பரோடு எடுபட்டது.

இந்தச் சட்டத்தில் என்னை மிகவும் உறுத்துவது ஒரு விலக்கு. 1990-ஆம் ஆண்டுத் திருத்தம் எச்-1பி, எல்-1 விசாக்களில் வேலைக்குப் போகிறவர்களை அந்த ஐயப்பாட்டிலிருந்து விடுவித்தது. தற்காலிகமாக வந்து வேலை செய்துகொண்டே நிரந்தரமாகத் தங்கவும் எண்ணலாம், தவறில்லை என்றது. பொறியாளரான மகனிடம் 'நீ திரும்பிப் போவாயா?' என்று சட்டம் கேட்பதில்லை. அவன் அங்கே தங்கிவிட்ட பிறகு, இரண்டு மாதம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று விண்ணப்பிக்கும் தாயிடம் அதைக் கேட்கிறது. அவளுடைய கோயிலும் வைத்தியரும், தண்ணீர்க் குடத்தோடு வந்து பேசும் அண்டை வீட்டுக்காரியும் இங்கே இருக்கிறார்கள். பனியில் கதவடைத்த ஊரில் மூன்றாவது மாதமே 'என்னைக் கொண்டுபோய் விட்டுவிடு' என்று சொல்கிற தாய்மார்கள் எத்தனை பேரை நாம் அறிவோம்! அந்த அறிவு எந்தப் படிவத்திலும் ஏறாது.

விசா எப்போதும் இப்படி இருந்ததில்லை. செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்குக் கொண்டு விற்கப் போனவர்களுக்கு அது கடல் தாண்டிய இன்னொரு மாகாணம். 1937-இல்தான் பர்மா இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்தது. மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களைப் பரிசோதித்தார்கள், அடைத்து வைத்தார்கள், ஆனால் அவர்களைக் கொண்டுபோகத்தான் ஆள்தேடி வந்தார்கள். 1948-இன் இலங்கைக் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்துக்குப் பிறகு அதே கடலைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. சீட்டில்லாமல் வந்தவரைக் குறிக்கக் 'கள்ளத்தோணி' என்ற சொல் வசையாகப் பரவியது. தோணி அதேதான். நடுவில் எழுந்தது ஒரு காகிதம்.

உலக அளவில் கடவுச்சீட்டு இன்றைய வடிவத்துக்கு வந்தது முதல் உலகப்போரால். போர்க்கால ஏற்பாடாக நுழைந்த கட்டுப்பாட்டைப் போருக்குப் பின் நாடுகள் கைவிடவில்லை. 1920-இல் பாரிசில் சர்வதேசச் சங்கம் கூட்டிய மாநாடு கடவுச்சீட்டுக்கு ஒரே மாதிரியான புத்தக வடிவத்தைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு இந்தியாவிலும் கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. 1924-இல் அமெரிக்கா, குடியேற வருகிறவர்களைத் துறைமுகத்தில் வடிகட்டுவதற்குப் பதிலாக அவரவர் ஊரிலேயே தூதரக அதிகாரியை வைத்து வடிகட்டும் முறையைச் சட்டமாக்கியது. எல்லைக்கோடு நாட்டின் கரையிலிருந்து நம் ஊர்த் தெருவுக்கு நகர்ந்தது அப்போதுதான்.

தமிழர்கள் மறக்கக்கூடாத ஓர் ஆண்டு 1985. பிரிட்டன் அதுவரை எந்தக் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கும் வருகைக்கு விசா கட்டாயமாக்கியதில்லை. 1983 ஜூலை வன்செயலுக்குப் பின் ஈழத்தமிழர்கள் அடைக்கலம் தேடி லண்டனில் இறங்கத் தொடங்கியதும், 1985 மே மாதம் இலங்கையருக்கு முதன்முதலாக விசாவை விதித்தது. மறு ஆண்டே இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நைஜீரியா, கானா ஆகிய நாடுகளும் பட்டியலில் சேர்ந்தன. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் தங்கள் உடைகளைக் களைந்து எதிர்ப்பைக் காட்டினார்கள். அதே ஆண்டு வந்த சட்டம், உரிய ஆவணமில்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு 1,000 பவுண்டு அபராதம் விதித்தது. இன்று மீனம்பாக்கத்தில் போர்டிங் பாஸ் கொடுக்கும் ஊழியர் நம் விசாப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதன் வேர் இப்படிப்பட்ட சட்டங்களில் இருக்கிறது. சுற்றிப் பார்க்க வருகிறவருக்கென்று விசாவை யாரும் உருவாக்கவில்லை. அஞ்சி ஓடிவந்தவரைத் தடுக்கப் போட்ட வேலியில் பேரனைப் பார்க்கப் போகும் பாட்டியும் நிற்கிறாள்.

நம் பக்கத்துச் சட்டம் வேறு திசையில் போயிருக்கிறது. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், தலைமை நீதிபதி சுப்பா ராவ் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், வெளிநாடு போவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்றது. அதுவரை கடவுச்சீட்டு அரசு விரும்பினால் தரும் சலுகையாக இருந்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகே 1967-இன் கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. பத்தாண்டு கழித்து மேனகா காந்தியின் கடவுச்சீட்டை அரசு முடக்கியது. ஏன் என்று கேட்டதற்கு, பொதுநலன் கருதிக் காரணம் சொல்ல இயலாது என்றது. 1978 ஜனவரியில் வந்த தீர்ப்பு இந்திய அரசியல் சட்ட வரலாற்றையே திருப்பியது: ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக, தன்னிச்சையற்றதாக இருக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும். நம் சட்டக் கல்லூரிகளில் முதலில் கற்பிக்கும் தீர்ப்புகளில் ஒன்றான இது, வெளிநாட்டுப் பயணத்தைத் தடுத்துவிட்டுக் காரணம் சொல்ல மறுத்ததில் பிறந்தது என்பது நினைவில் இருக்க வேண்டும்.

ஆக, நான் புறப்படுவதைத் தடுக்க என் அரசு காரணம் சொல்ல வேண்டும். நான் நுழைவதைத் தடுக்க இன்னோர் அரசு சொல்ல வேண்டியதில்லை. 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 13-ஆம் பிரிவும் இதே பாதிக் கதவுதான்: எந்த நாட்டிலிருந்தும் வெளியேறும் உரிமை எவருக்கும் உண்டு, சொந்த நாட்டுக்குத் திரும்பும் உரிமையும் உண்டு. பிறநாட்டுக்குள் நுழைவதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. இந்தியாவும் பிறநாட்டாரிடம் இதே நிலையைத்தான் எடுத்திருக்கிறது. 1955-இல் ஹான்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியரின் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், அயல்நாட்டாரை வெளியேற்றும் அரசின் அதிகாரம் கட்டற்றது என்று சொன்னது. பிறர் வாசலில் நின்று நியாயம் கேட்கும்போது நம் வாசலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அமெரிக்க நீதிமன்றங்கள் இதில் நீண்ட காலமாக உறுதியாக நிற்கின்றன. தூதரக அதிகாரியின் விசா முடிவில் நீதிமன்றம் தலையிடாது என்பது அங்கே நிலைத்த கோட்பாடு. 1969-இல் பெல்ஜியத்து மார்க்சியப் பொருளியலாளர் எர்னஸ்ட் மண்டேலுக்கு வர அனுமதி மறுக்கப்பட்டபோது, அவரை அழைத்த அமெரிக்கப் பேராசிரியர்கள் வழக்குப் போட்டு 1972-இல் தோற்றார்கள். பார்வைக்குச் செல்லுபடியாகும் ஒரு காரணத்தை அரசு நன்னம்பிக்கையோடு காட்டினால் போதும், அதற்குப் பின்னால் நாங்கள் போய்ப் பார்க்க மாட்டோம் என்றது உச்ச நீதிமன்றம். 2024 ஜூனில் வந்த முன்யோஸ் தீர்ப்பு இன்னும் ஒரு படி போனது. எல் சால்வடோர் நாட்டுக் கணவருக்குக் குடியேற்ற விசா மறுக்கப்பட்டதற்கு விரிவான காரணம் கேட்ட அமெரிக்கக் குடிமகளிடம், வெளிநாட்டவரான கணவர் நாட்டுக்குள் வர வேண்டும் என்பதில் உங்களுக்கு அரசியல் சட்ட உரிமை கிடையாது என்று ஆறுக்கு மூன்றாகத் தீர்ப்பளித்தது. கணவன் மனைவிக்கே இந்த நிலை என்றால், இரண்டு மாத விருந்தாளியாக வரும் மாமியாருக்கு என்ன இருக்கும்? 214(பி) மறுப்புச் சீட்டு பிரிவின் எண்ணைச் சொல்லும். மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றும் சொல்லும், கட்டணம் மறுபடி கட்டி.

காரணம் சொல்லப்படாத இடத்தில் மனிதர்கள் காரணத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார்கள். 'மூன்றாம் நம்பர் கவுண்டர் ராசியில்லை', 'பட்டுப்புடவை கட்டிப் போகாதே', 'பேரனைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னால் வேலைக்கு வருகிறாய் என்பார்கள், சுற்றிப் பார்க்க என்று சொல்.' ஐதராபாத்துக்கு அருகில் உள்ள சில்க்கூர் பாலாஜி கோயிலை ஊரே விசா பாலாஜி என்று அழைக்கிறது. வேண்டுதலுக்கு 11 சுற்று, நிறைவேறினால் 108 சுற்று. அங்கே சுற்றி வருகிறவர்களை நான் மதிக்கிறேன். விதி தெரியாத தேர்வுக்குப் போகிறவர் வேறு எங்கே போவார்? ஆனால் அதே இருட்டில்தான் தரகர்களும் வளர்கிறார்கள். கணக்கில் பத்து நாளைக்குப் பணம் போட்டுக் காட்டித் தருபவர்களும், இல்லாத கடைக்கு ரசீதுப் புத்தகம் அடித்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் கையில் அகப்படுகிறவருக்கு நேர்வது வெறும் மறுப்பன்று. முக்கியமான ஒன்றைப் பொய்யாகச் சொல்லி விசா கேட்டார் என்று பதிவாகிவிட்டால், அமெரிக்கச் சட்டப்படி அது வாழ்நாள் தடை. 214(பி) மறுப்பை அடுத்த ஆண்டு வெல்லலாம். பொய்யுரைத்த பதிவைக் கழுவுவது மிகக் கடினம்.

காரணம் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது, விண்ணப்பங்கள் லட்சக்கணக்கில் வருகின்றன என்பார்கள். ஐரோப்பா அதைச் செய்துகொண்டிருக்கிறது. 2009-இல் இயற்றப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் விசா விதித்தொகுப்பு, 32-ஆம் பிரிவில் மறுப்பதற்கான காரணங்களை வரிசைப்படுத்துகிறது. பயண நோக்கம் விளங்கவில்லை, செலவுக்குப் பணம் போதாது, சொன்னதை நம்ப முடியவில்லை, காலம் முடியுமுன் வெளியேறுவாரா என்பதில் நியாயமான ஐயம் இருக்கிறது என்பவை அவற்றுள் சில. மறுக்கும் அதிகாரி எந்தக் காரணம் என்று பொதுப்படிவத்தில் குறித்துக் கொடுக்க வேண்டும். மேல்முறையீடு செய்யும் உரிமையும் உண்டு. 2011 ஏப்ரலிலிருந்து இவை கட்டாயம்.

அந்தத் தொகுப்பை ஐரோப்பிய நீதிமன்றம் சோதித்த வழக்கு ஓர் ஈரானியருடையது. கூஷ்காகி என்ற அவருக்கு ஜெர்மனி வருகை விசாவை மறுத்தது, திரும்பிப் போவார் என்று நம்ப இயலவில்லை என்று. 2013 டிசம்பரில் வந்த தீர்ப்பில் இரண்டு செய்திகள் உண்டு. பட்டியலில் இல்லாத காரணத்துக்காக எந்த நாடும் மறுக்க முடியாது என்பது ஒன்று. திரும்பிப் போவார் என்ற உறுதியை அதிகாரி பெற வேண்டியதில்லை, நியாயமான ஐயம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்பது மற்றொன்று. அத்தையின் ஃபைலுக்கு நான் இதுவரை கண்ட மிக நேர்மையான பதில் இந்த இரண்டாவது வரி. எதிர்காலத்தை எவராலும் நிரூபிக்க முடியாது என்பதை ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்டு, கேள்வியையே மாற்றிப் போட்டது. 2017-இல் அதே நீதிமன்றம், மேல்முறையீடு ஏதோவொரு கட்டத்தில் நீதிமன்றத்தை எட்ட வழி இருந்தாக வேண்டும் என்றது. 2020-இல், வேறோர் உறுப்பு நாடு எதிர்ப்புச் சொன்னதால் மறுக்கிறீர்கள் என்றால் அந்த நாடு எது, எதிர்ப்பு என்ன என்பதையும் சொல்லுங்கள் என்றது.

இதனால் ஐரோப்பாவின் கதவு அகலத் திறந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 2024-இல் இந்தியாவிலிருந்து ஷெங்கன் விசாவுக்குப் போன விண்ணப்பங்கள் 11 லட்சத்துக்கும் மேல், மறுக்கப்பட்டவை சுமார் 1.65 லட்சம். கட்டணம் அந்த ஆண்டு ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 ஆனது. கட்டத்தில் போட்ட ஒரு குறி முழு விளக்கமும் ஆகாது. மேல்முறையீட்டுக்கு அந்தந்த நாட்டின் மொழியும் வழக்கறிஞரும் வேண்டும். ஜெர்மனி, தூதரகத்திடமே கட்டணமின்றி மறுபரிசீலனை கேட்க இருந்த வழியை 2025 ஜூலையோடு மூடிவிட்டது. இனி நீதிமன்றம் போக வேண்டும், அல்லது புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஆனாலும் 'பயண நோக்கம் விளங்கவில்லை' என்று குறியிட்ட தாளோடு வெளியே வருகிறவருக்கு அடுத்த முறை எதைத் திருத்த வேண்டும் என்பது தெரியும். அத்தைக்கு அது தெரியவில்லை.

பிரிட்டனின் கதை ஊஞ்சல் போன்றது. 1969-இல் வருகையாளருக்கும் மேல்முறையீட்டு உரிமை கொடுத்தார்கள். 1993-இல் பறித்தார்கள். 2000-இல் உறவினரைப் பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும் திருப்பித் தந்தார்கள். 2013 ஜூன் 25-இல் அதையும் நீக்கினார்கள். மகளின் திருமணத்துக்கோ தம்பியின் இறுதிச் சடங்குக்கோ போக முடியாமல் போனவர், அந்த முடிவு தவறென்று ஒரு நடுவரிடம் சொல்ல முடிந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது அந்த நாடு ஒன்றும் மூழ்கிவிடவில்லை. இன்றும் மறுப்புக் கடிதத்தில் காரணங்களை எழுதுகிறார்கள். எழுதியது தவறாக இருந்தால் பெரும்பாலானோருக்கு மிச்சமிருப்பது புது விண்ணப்பமும் புதுக் கட்டணமும்தான்.

கனடாவிடம் கற்க ஒன்று இருக்கிறது. பெற்றோர் உண்மையில் விரும்புவது மூன்று வாரச் சுற்றுலா அன்று, நீண்ட நாள் பேரப்பிள்ளைகளோடு இருப்பது என்பதை அந்த நாடு ஒளிக்காமல் ஏற்றுக்கொண்டது. 2011 டிசம்பரில் பெற்றோர், தாத்தா பாட்டிகளுக்கென்று சூப்பர் விசாவைத் தொடங்கியது. முதலில் ஒரு வருகைக்கு 2 ஆண்டு, 2022 ஜூலையிலிருந்து 5 ஆண்டு வரை தங்கலாம். பிள்ளையின் வருமானம் குறித்த அளவுக்குக் குறையக்கூடாது, குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்கு இது எட்டாது, அது குறைதான். காலம் முடிந்ததும் வெளியேறுவார் என்று அதிகாரி நம்ப வேண்டும் என்ற நிபந்தனையும் போகவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இருக்கும் தாய், ஸ்கார்பரோவில் உள்ள மகனிடம் போய் இருக்க வேண்டும் என்ற ஆசையை மறைத்து 'நயாகரா பார்க்கப் போகிறேன்' என்று சொல்ல வேண்டிய தேவை குறைந்தது. மக்களின் உண்மையான தேவைக்குச் சட்டத்தில் ஓர் இடம் வைத்தால் பொய்யும் குறையும். அங்கே மறுப்பை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அனுமதியோடு வழக்காடலாம். அதிகாரி எழுதி வைத்த குறிப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்டுப் பெற வேண்டியிருந்த நிலையும் மாறி, 2025-இல் பலவகை மறுப்புக் கடிதங்களோடு அந்தக் குறிப்பையே இணைத்து அனுப்பத் தொடங்கினார்கள்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். படிவத்தைப் பிள்ளைகளோ டிராவல்ஸ்காரரோ நிரப்பினாலும் அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு கையெழுத்துக்காரருடையது. அமெரிக்கப் படிவத்தில் உங்கள் பெயரில் யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்று ஒரு கேள்வி வரும். பதினைந்து ஆண்டுக்கு முன் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தம்பி, அக்காவுக்காக ஒரு மனு போட்டிருப்பார். உடன்பிறந்தோர் பிரிவில் இந்தியர்களின் வரிசை அவ்வளவு நீளம் என்பதால் வீட்டில் எல்லோரும் அதை மறந்திருப்பார்கள். 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். அதிகாரியின் திரையில் 'ஆம்' என்று இருக்கும். முன்பு மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கும் இது பொருந்தும். மகளின் பேறுகாலத்துக்குப் போகிறவர் அதையே சொல்லலாம். உறவினரைப் பார்த்து உடனிருக்கப் போவது வருகை விசாவின் உரிய நோக்கங்களில் ஒன்று.

இன்னொரு குழப்பம், 'பத்து வருஷ விசா கிடைச்சாச்சு' என்ற சொல்லில் இருக்கிறது. அந்தப் பத்தாண்டு, நாட்டின் வாசலுக்குப் போய் நின்று அனுமதி கேட்பதற்கான காலம். எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கும் விமான நிலையத்தில் உள்ள அதிகாரி ஐ-94 பதிவில் குறிக்கிறார், வழக்கமாக ஆறு மாதம். அந்தத் தேதியைத் தாண்டினால் பத்தாண்டு விசாவும் செல்லாமல் போகும். 1996-இன் சட்டப்படி, 180 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கிவிட்டு வெளியேறினால் 3 ஆண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் 10 ஆண்டும் நுழையத் தடை. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் தேதியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்த பெற்றோர் இதில் அகப்பட்டிருக்கிறார்கள்.

தனிமனிதர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் மாறாத ஒன்றும் உண்டு. அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் போய்வரும் நாடுகளின் பட்டியலில் சேர, அந்த நாட்டவரின் வருகையாளர் விசா மறுப்பு விகிதம் 3 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. சன்னலுக்கு முன்னால் நிற்கும் பெண் தனக்காக மட்டும் நிற்பதாக நினைக்கிறாள். அவளுடைய மறுப்பு அவள் நாட்டுக் கணக்கிலும் ஏறுகிறது. அந்தக் கணக்கு அவளுக்குப் பின்னால் நிற்கிறவரின் வரிசையை நீட்டுகிறது.

இந்திய அரசு 2018-இல் பிரான்சோடும் 2021-இல் பிரிட்டனோடும் 2022-இல் ஜெர்மனியோடும் மக்கள் போக்குவரத்து உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டிருக்கிறது. அவற்றில் முன்னணியில் இருப்பவர்கள் மாணவர்களும் இளம் தொழில்வல்லுநர்களும். சம்பாதிக்கப் போகிறவர்களுக்காகப் பேசுவது சரிதான். பார்த்துவிட்டுத் திரும்ப விரும்பும் பெற்றோருக்காகவும் பேச வேண்டும். கேட்க வேண்டியது கதவைத் திறக்கச் சொல்லி அன்று. எந்த நாட்டுக்கும் மறுக்கும் உரிமை உண்டு. மறுக்கும்போது அந்த மனிதருக்கென்று எழுதிய ஒரு வரிக் காரணமும், வெளிப்படையான தவறு நடந்திருந்தால் புதிய கட்டணம் இல்லாமல் ஒருமுறை மறுபார்வையும் வேண்டும். நம் தூதரகங்களும் இங்கே வர விரும்புகிறவர்களுக்கு அதையே செய்ய வேண்டும். மேனகா காந்தி வழக்கில் நம் நீதிமன்றம் வகுத்த நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்கும் தகுதி நமக்கு இருக்கிறது.

அதுவரை, விசா மறுக்கப்பட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளியே வந்ததும் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். அன்று மாலையே உட்கார்ந்து, கேட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்ன பதில்களையும் வரிசை மாறாமல் எழுதி வையுங்கள். ஷெங்கன் நாடு என்றால் குறியிட்ட படிவத்தையும், கனடா என்றால் அதிகாரியின் குறிப்பையும் பத்திரப்படுத்துங்கள், வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். நிரப்பிய படிவத்தின் நகலோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். அத்தைக்கு நாங்கள் இதைச் செய்யவில்லை. அவர் மறுபடி விண்ணப்பிக்கவும் இல்லை. பேரனை முதன்முதலாகப் பார்த்தபோது அவனுக்கு மூன்று வயது.